மூன்று தவணைச் சட்டத்தில் ஒன்பது முறை ஜெயித்தவர்

பிலிப்பைன்ஸ் அரசியலைப் புதிதாகப் படிக்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் ஒரு இடத்தில் கணக்கு உதைக்கும். மக்கள் சபை உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஒரு தவணை மூன்று வருஷம். அப்படியானால் ஒன்பது வருஷத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். ஆனால் அல்பாய் மாகாணத்து வழக்கறிஞர் எட்செல் லாக்மனின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1987இல் முதல் முறையாக ஜெயிக்கிறார். 2025 ஜனவரி 30 அன்று 82 வயதில் இறந்தபோதும் அதே தொகுதியின் உறுப்பினராகத்தான் இருந்தார். இடையில் ஒன்பது பொதுத்தேர்தல்களில் அந்த ஒரே தொகுதி அவரை மக்கள் சபைக்கு அனுப்பியிருக்கிறது. பதவிக்கால வரம்பை அவர் ஒருமுறைகூட மீறவில்லை.

இது எப்படி முடிந்தது என்று புரிந்தால், அந்நாட்டு அரசியலில் பாதி புரிந்த மாதிரி. அதனால் பதவிக்கால வரம்பை அவர் கதையை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் அடிப்படை. பிலிப்பைன்ஸில் ‘காங்கிரஸ்’ என்றால் கட்சி இல்லை, நாடாளுமன்றம். அதில் இரண்டு அவைகள். செனட்டில் 24 பேர், நாடு முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். மக்கள் சபையில் தொகுதிக்கு ஒருவர், அதற்கு மேல் கட்சிப் பட்டியலில் இருந்து வருகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. மாகாணங்கள் 82. மாகாண ஆளுநரையும் மக்களேதான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணை ஆளுநர், மேயர், துணை மேயர் எல்லோரையும் அப்படித்தான். ஜனாதிபதிக்கு ஆறு வருஷம், வாழ்க்கையில் ஒரே முறை. செனட்டருக்கு ஆறு வருஷம், தொடர்ந்து இரண்டு முறை. மக்கள் சபை உறுப்பினருக்கும் ஆளுநர், மேயர் போன்றவர்களுக்கும் மூன்று வருஷம், தொடர்ந்து மூன்று முறை.

இந்த வரம்புகள் 1987 அரசியல் சட்டத்தில் வந்தவை, அதற்குக் காரணம் மார்கோஸ். 1965இல் ஜனாதிபதியாக வந்த ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1969இல் மறுபடி ஜெயித்தார். அப்போதிருந்த சட்டப்படி அத்தோடு அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் 1972இல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார், அடுத்த வருஷம் புது அரசியல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார், 1986 பிப்ரவரியில் மக்கள் மணிலாவின் எட்சா சாலையில் திரண்டு விரட்டும்வரை நாற்காலியை விட்டு இறங்கவில்லை. இருபது வருஷம். அதை அனுபவித்தவர்கள் உட்கார்ந்து புதுச் சட்டம் எழுதும்போது ‘இனி யாரும் பதவியில் ஒட்டிக்கொள்ளக்கூடாது’ என்ற பயம்தான் முதலில் வரும். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் எழுதும்போது அவர்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. மொத்தமாக மூன்று தவணை இருந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பதவிக்கு எப்போதுமே வரக்கூடாது என்றது ஒரு யோசனை. மூன்று தவணை முடிந்ததும் ஒரு தவணை ஒதுங்கியிருக்கட்டும், பிறகு மக்கள் விரும்பினால் திரும்ப வரட்டும் என்றது இன்னொன்று. யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மக்களுக்காக நாமே முன்கூட்டி வடிகட்டக்கூடாது என்பது இந்த இரண்டாவது யோசனைக்காரர்களின் வாதம். அவர்கள்தான் ஜெயித்தார்கள். அதனால் சட்டத்தில் ‘தொடர்ந்து’ என்ற சொல் உட்கார்ந்தது. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் அதிலிருந்தே கிளைக்கிறது.

இனி லாக்மனின் கதை. அல்பாய், லூசோன் தீவின் தென்கிழக்கு வாலில், பிகோல் பகுதியில் இருக்கிற மாகாணம். மாயோன் எரிமலை அங்கேதான் இருக்கிறது, 2,462 மீட்டர், கூம்பு பிடித்து வைத்த மாதிரி. அதன் கிழக்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் கடலை ஒட்டியிருக்கிற ஊர்கள் சேர்ந்ததுதான் முதல் தொகுதி: தபாக்கோ நகரம், பக்காகாய், மலிலிபோட், மலினாவ், சாண்டோ டொமிங்கோ, தீவி. புயல் பாதை அது. கயிறு திரிக்கும் அபாக்கா நார் விளைகிற மண். லாக்மன் பிறந்தது மலினாவில், 1942 மே 1 அன்று. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலும் சட்டமும் படித்தார். அந்த ஊரில் வழக்கறிஞர் என்றால் பெயருக்கு முன்னால் ‘அட்டர்னி’ என்று போட்டுத்தான் கூப்பிடுவார்கள், டாக்டர் என்று சொல்கிற மாதிரி. மக்கள் சபைக்குப் போய்விட்டால் ‘கொங்’ என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். மாகாண அரசியலில் நீங்கள் பார்க்கிற பழைய பெயர்களில் வழக்கறிஞர்கள் நிறைய. நிலப் பத்திரம், கோர்ட் விவகாரம், போலீஸ் ஸ்டேஷன் என்று ஊர்க்காரர்களுக்கு ஒரு படித்த ஆள் தேவைப்படுகிற நேரத்திலெல்லாம் அவர்கள் அங்கே நின்றிருப்பார்கள், அந்தப் பழக்கம்தான் பிறகு ஓட்டாக மாறும்.

இப்போது வருஷங்களை வரிசையாகப் பார்க்கலாம், கவனித்துப் படியுங்கள்.

1987, 1992, 1995 மூன்று தேர்தலிலும் எட்செல் ஜெயிக்கிறார். (முதல் தவணை மட்டும் ஐந்து வருஷம் ஓடியது. எல்லாத் தேர்தலையும் 1992இல் ஒன்றாக நடத்துவதற்காகச் சட்டத்திலேயே அப்படி ஏற்பாடு.) 1998இல் மூன்று முடிந்தது, ஒதுங்கியாக வேண்டும். அந்தத் தேர்தலில் அதே தொகுதியில் நின்று ஜெயித்தவர் அவர் மகள் க்ரிசெல். அவர் 2004 வரை இருந்தார். 2004இல் எட்செல் திரும்பி வருகிறார், 2007, 2010 என்று மறுபடி மூன்று. 2013இல் மகன் எட்செல் கிரெகோ நிற்கிறார், ஊரில் கிரெக்ஸ் என்பார்கள், ஒரே தவணை. 2016இல் அப்பா மறுபடி வருகிறார். 2016, 2019, 2022. மூன்றாவது மூன்று.

மகள் இரண்டு தவணை, மகன் ஒரு தவணை. அப்பாவுக்குத் தடை ஓடுகிற காலத்தில் நாற்காலி வெளியாள் கைக்குப் போகவே இல்லை. 1987இலிருந்து அவர் இறந்த நாள்வரை அந்தத் தொகுதியை ஒரே வீட்டுக்காரர்கள்தான் வைத்திருந்தார்கள்.

அப்படியானால் மூன்றாவது தவணையின் நடுவில் ராஜினாமா செய்துவிட்டு, ‘எனக்கு மூன்று முழுசாக முடியவில்லை, அதனால் மறுபடி நிற்கிறேன்’ என்று சொல்ல முடியாதா? முடியாது. தானாக விலகுவது எவ்வளவு காலமாக இருந்தாலும் அது இடைவெளியாகக் கணக்கில் வராது என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ஆனால் உங்கள் கையில் இல்லாத காரணத்தால் ஏற்படுகிற விஷயம் வேறு. மணிலாவை ஒட்டியிருக்கிற பதேரோஸ் ஊரில் மேயர் பதவியிலிருந்தபோதே இறந்துபோனார், துணை மேயர் அந்த இடத்துக்கு வந்தார். பிறகு இரண்டு தேர்தலில் அவரே மேயராக ஜெயித்தார். 1998இல் மறுபடி நின்றபோது, ‘ஏற்கனவே மூன்று ஆகிவிட்டது’ என்று வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்தத் தவணையை முழுசாக முடித்திருந்தால்தான் ஒன்று என்று எண்ண வேண்டும், மேலே இருப்பவர் போனதால் வந்தமர்ந்த காலம் எண்ணிக்கையில் சேராது என்றது. இந்தத் தீர்ப்பு இன்றுவரை மாகாண அரசியலில் ஓயாமல் பேசப்படுகிற ஒன்று. கிரெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அல்பாயின் துணை ஆளுநராக ஜெயித்தார், ஜெயித்த ஆளுநர் தகுதியிழந்ததும் அந்த வருஷக் கடைசியில் இவர் ஆளுநரானார். பதேரோஸ் கணக்குப்படி அந்தக் காலம் ஆளுநர் தவணையாக எண்ணப்படாது.

பலவான் தீவில் புவேர்டோ பிரின்செசா நகரத்தில் வேறு மாதிரி நடந்தது. எட்வர்ட் ஹகெடோர்ன் மூன்று தவணை மேயராக இருந்துவிட்டு 2001இல் இறங்கினார். அடுத்து வந்த மேயரைத் திரும்ப அழைக்கும் தேர்தல், அதாவது தவணை முடியும் முன்பே அவரை இறக்கலாமா என்று மக்கள் முடிவு செய்கிற தேர்தல், 2002இல் நடந்தது, அதில் ஹகெடோர்ன் நின்றார். ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நடுவில் வேறொருவர் மேயராக இருந்துவிட்டதால் இது ‘தொடர்ந்து’ ஆகாது என்று நீதிமன்றம் அனுமதித்தது. ஆக முழுத் தவணை ஒதுங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தொடர்ச்சி அறுந்தால் போதும்.

மூன்றாவது தவணையில் இருக்கிறவரை அங்கே ‘லாஸ்ட் டெர்மர்’ என்பார்கள். ஒருவர் அந்த நிலைக்கு வந்துவிட்டாலே, அடுத்து அவர் மனைவி நிற்பாரா, மகன் நிற்பாரா, இல்லை அவரே மேயராகவோ ஆளுநராகவோ இடம் மாறி நிற்பாரா என்று பேச்சு ஆரம்பித்துவிடும். வரம்பு பதவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அதனால் ஒன்பது வருஷம் மேயர், பிறகு ஒன்பது வருஷம் மக்கள் சபை, பிறகு ஆளுநர் என்று சுற்றி வருகிற குடும்பங்களும் உண்டு.

இதை அரசியல் சட்டம் எழுதியவர்கள் யோசிக்காமல் இல்லை. அரசியல் வாரிசுக் குடும்பங்களைத் தடுக்க வேண்டும் என்று இரண்டாவது பிரிவிலேயே ஒரு வரி வைத்தார்கள். ஆனால் அதோடு ‘சட்டம் வரையறுக்கிறபடி’ என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார்கள். வரையறுக்க வேண்டியது காங்கிரஸ். காங்கிரஸில் உட்கார்ந்திருப்பது யார்? இந்தக் குடும்பங்கள்தான். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாகப் பெரிய பதவிகளுக்கான அந்தச் சட்டம் நிறைவேறவே இல்லை. 2016இல் இளைஞர் மன்றங்களுக்கு மட்டும் ஒரு தடை வந்தது: பதவியில் இருக்கிறவரின் நெருங்கிய உறவுக்காரப் பிள்ளைகள் இளைஞர் மன்றத் தேர்தலில் நிற்கக்கூடாது. கிராமத்து இளைஞர்களுக்குப் பொருந்துகிற விதி செனட்டருக்குப் பொருந்தவில்லை. என்னைக் கேட்டால் பதவிக்கால வரம்பும் வாரிசுத் தடையும் ஒரே பூட்டின் இரண்டு பாதிகள், ஒரு பாதியை மட்டும் செய்து மாட்டியிருக்கிறார்கள்.

சரி, மக்கள் ஏன் அதே பெயருக்கே ஓட்டுப் போடுகிறார்கள்? பணம், பயம், சாராயம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, சில மாகாணங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பதைப் பார்க்க ஒரு காகிதத்தைப் பார்த்தால் போதும். அதன் பெயர் ‘கேரண்டி லெட்டர்’. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில், பில் கட்ட முடியவில்லை. பில்லின் நகலையும் டாக்டர் சான்றிதழையும் ஏழை என்பதற்கான ஊர் அலுவலகச் சான்றையும் எடுத்துக்கொண்டு கொங்கின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே வரிசை. முறை வந்து எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பக்கக் கடிதம் கிடைக்கும், இந்த நோயாளியின் பில்லில் இத்தனை பெசோவை அரசு நிதியிலிருந்து கட்டுகிறோம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கும். பணம் அரசாங்கத்தினுடையது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஞாபகம் இருப்பது கடிதம் வாங்கிய அலுவலக வாசல். இதுபோலவே படிப்பு உதவி, சாவுச் செலவு. உரிமையாகக் கிடைக்க வேண்டியது கைநீட்டி வாங்குவதாக ஆகிவிடுகிறது, இதுதான் எனக்கு மனசு கனக்கிற இடம். மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டுக்காரர் நீளமான ஓட்டுச் சீட்டைப் பிரித்து, பெயர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன முட்டை வடிவ வட்டத்தைக் கறுப்பாக்கும்போது, தெரிந்த ஒரு குடும்பப் பெயர் கண்ணில் பட்டால் கை அங்கேதான் போகும். முன்னால் இருப்பது அப்பா பெயரா மகள் பெயரா என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் லாக்மன் வாரிசு அரசியலுக்கு ஓர் உதாரணம் என்று ஆகிவிடும், அது அவருக்குச் செய்கிற அநியாயம். நாற்காலியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அவருடைய தம்பி ஹெர்மோன் லாக்மன், அவரும் வழக்கறிஞர், தொழிலாளர்களுக்காக வாதாடியவர். மார்கோஸ் ஆட்சியில், 1977 மே 11 அன்று வெளியே கிளம்பியவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, தகவலும் இல்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லின் கனத்தை இலங்கைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். எட்செல் முதல் முறை ஜெயித்த காங்கிரஸ் தேர்தல் நடந்த தேதியைப் பாருங்கள்: 1987 மே 11. தம்பி மறைந்து சரியாகப் பத்து வருஷம். இன்னொரு சகோதரர் ஃபிலெமோன், போப்போய் என்று அழைக்கப்பட்ட தொழிற்சங்கத் தலைவர், 2001 பிப்ரவரியில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பலவந்தமாகக் காணாமல் ஆக்குவதைத் தனிக் குற்றமாக்கும் மசோதாவை எட்செல் விடாமல் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒரு காங்கிரஸின் மூன்று வருஷம் முடிந்தால் நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் செத்துப்போகும், அடுத்ததில் முதலிலிருந்து தாக்கல் செய்ய வேண்டும். கடைசியில் 2012 டிசம்பர் 21 அன்று அது சட்டமானது, குடியரசுச் சட்டம் எண் 10353. ஆசியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். மேலதிகாரி உத்தரவு போட்டார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காவலில் இருக்கிற ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதி வைத்தாக வேண்டும்.

அதே நாளில், அடுத்த எண்ணில், 10354, இன்னொரு சட்டமும் வந்தது. அதையும் முன்னின்று எழுதியவர் அவர்தான். குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை அரசு சுகாதார நிலையங்களில் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கவும், பள்ளியில் வயதுக்கேற்ற பாலியல் கல்வி தரவும் வழிசெய்கிற சட்டம். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருக்கிற நாட்டில் இது எவ்வளவு பெரிய சண்டை என்று நினைத்துப் பாருங்கள். ஆயர்கள் ஞாயிறு பூசையில் எதிர்த்துப் பேசினார்கள், ஆதரித்த உறுப்பினர்களின் பெயரைச் சொல்லி ஓட்டுப் போடாதீர்கள் என்று பிரசாரம் நடந்தது. இரண்டாம் வாசிப்பு அன்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவரும் எழுந்து தன் வாயால் ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டும், பலர் காரணத்தையும் விளக்கினார்கள். நள்ளிரவு தாண்டி டிசம்பர் 13 பிறந்த பிறகுதான் கணக்கு வந்தது: 113க்கு 104. ஒன்பதே ஓட்டு. நான்கு நாள் கழித்து மூன்றாம் வாசிப்பில் 133க்கு 79. பிறகு உச்ச நீதிமன்றம் போய், 2014 ஏப்ரலில் சில பிரிவுகள் மட்டும் வெட்டப்பட்டு மீதி நின்றது.

மரண தண்டனையை ஒழித்த 2006 சட்டத்திலும், சித்திரவதையைத் தடுக்கும் 2009 சட்டத்திலும் அவர் கை உண்டு. மார்கோஸ் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் 2013 சட்டத்தை முன்னெடுத்தவரும் அவர். மார்கோஸ் சுவிஸ் வங்கியில் பதுக்கியிருந்த பணத்தில் மீட்டது 1,000 கோடி பெசோ, அதிலிருந்து 11,103 பேருக்கு அங்கீகாரமும் பணமும் கிடைத்தது. 2017இல் ஜனாதிபதி துதெர்தே தெற்கே மிந்தனாவ் தீவில் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் முன்னால் நின்றவர் இவர். எந்தக் குடிமகனும் அப்படிக் கேட்கலாம், முப்பது நாளில் நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டும் என்று 1987 சட்டம் சொல்கிறது. தோற்றார். ஆனால் வழக்கில் அவர் பெயரும் கேள்வியும் பதிவாகிவிட்டது. அவர் எப்போதும் ஒரே பக்கம் நின்றவர் என்று சொல்ல மாட்டேன். ஜனாதிபதி அரோயோ காலத்தில் அவர் ஆளும் கூட்டணியில் முக்கியமான ஆள், அரோயோ மீதான குற்றச்சாட்டுகள் குவிந்தபோதும் அங்கேயே இருந்தார். அது எனக்கு உடன்பாடில்லை.

அவருடைய நீண்ட காலத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: ஒரு மசோதா சட்டமாக மூன்று, நான்கு காங்கிரஸ் ஆகிற நாட்டில், நீண்ட நாள் நிற்கிற ஆள் ஒருவர் இல்லாவிட்டால் அந்த மசோதா அநாதை. லாக்மன் 2004இல் திரும்பி வராமல் இருந்திருந்தால் 2012 டிசம்பர் 21 அந்த மாதிரி விடிந்திருக்குமா என்று சந்தேகம்தான். அதே சமயம், அந்த நாற்பது வருஷத்தில் தபாக்கோவிலோ தீவியிலோ லாக்மன் என்ற பெயர் இல்லாத ஒரு நல்ல வழக்கறிஞர், ஒரு ஆசிரியை, ஒரு மீனவர் சங்கத் தலைவர் அந்த இடத்துக்கு வந்திருக்கலாம், வரவில்லை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசித் தவணையில் அவர் எடுத்தது விவாகரத்து மசோதா. உலகத்தில் வத்திக்கானைத் தவிர்த்தால் விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடு பிலிப்பைன்ஸ்தான், முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டத்தில் வழி உண்டு. 2024 மே 22 அன்று மக்கள் சபையில் 131க்கு 109 என்று நிறைவேறியது. செனட்டில் அது நகரவில்லை. 2025 ஜூன் 30 அன்று அவருடைய ஒன்பதாவது தவணை முடிந்திருக்கும், மறுபடி ஒதுங்கியிருக்க வேண்டிய வருஷம் அது. ஐந்து மாதம் முன்னால் இறந்துபோனார். மே மாதத் தேர்தலில் முதல் தொகுதியில் ஜெயித்தவர் அவர் மகள் க்ரிசெல், 2004இல் அப்பாவுக்காக எழுந்த அதே நாற்காலிக்கு 21 வருஷம் கழித்துத் திரும்பியிருக்கிறார். சட்டப்படி அது அவருடைய முதல் தவணை.